களிம்பேறிய கம்பி: மண்டபம் முதல் பாம்பன் வரை ஒரு கடல்வழி

இராமநாதபுரம் மாவட்டத்தின் நிலம் கிழக்கு நோக்கி ஒடுங்கிச் சென்று மண்டபத்தை அடையும்போது, வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் ஒரே பார்வைக்குள் வந்துவிடுகின்றன. அவ்விரண்டுக்கும் இடையே பாம்பன் கால்வாய் ஒரு வாசலைப் போலத் திறந்திருக்கிறது. கரையோரத்தார் முன்னதை வடகடல் என்றும் பின்னதைத் தென்கடல் என்றும் வழங்குவர். வடகடல் அமைதியானது என்பதால் பெண்கடல், தென்கடல் அலைமிக்கது என்பதால் ஆண்கடல் என்று சொல்லும் வழக்கும் இங்கு உண்டு. இப்பெயர்களை ஆண்டு முழுவதற்கும் உரியனவாகக் கொள்வது பிழையாகும், ஏனெனில் தென்மேற்குப் பருவத்தில் கொந்தளிப்பது தென்கடல் என்றால், வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் சீறுவது அந்தப் பெண்கடலே. இரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட பங்குனி மாதத்தில் இரண்டு கடல்களும் ஏறத்தாழ ஒரே குணத்தில் கிடப்பதால், தென்கடற்கரையில் புறப்பட்டு, குந்துகால் முனையைச் சுற்றி, பாம்பன் பாலங்களின் கீழே நுழைந்து வடகடலில் கரையேறும் ஒரு முற்பகல் பயணத்துக்கு அதுவே ஏற்ற காலமாகிறது. தூரத்தால் சிறியதாயினும், ஒரு படகுப்பொறியின் மின்தொடக்கி உப்புக்காற்றோடு நடத்தும் ஓயாத வழக்கை அருகிருந்து காண்பதற்கு இவ்வழி பெரிதும் உதவுகிறது.

இக்கரைகளில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை பாயும் சவளும் தாங்குகோலும் செலுத்திய வத்தைகளும் வள்ளங்களும் மிகுந்திருந்தன. இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் 1952இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கேரளக் கரையில் தொடங்கிய மீன்பிடித் திட்டம் 1960களில் மண்டபத்துக்கும் விரிந்தபோது, எந்திரத்தைப் படகின் வயிற்றுக்குள் பொருத்தும் விசைப்படகு இங்கு வேரூன்றியது. கண்ணாடியிழையால் வார்க்கப்படும் ஃபைபர் படகுகள் பெருகியதோடு பரவலானது வேறொரு வகை எந்திரம். படகின் பின்பலகையில் வெளிப்புறமாகத் திருகி மாட்டப்படுவதும், பொறி, இறங்குதண்டு, விசிறி ஆகிய மூன்றும் ஒரே உடலாய் அமைந்திருப்பதும், ஆழம் குறைந்த இடத்தில் அப்படியே மேலே சாய்த்துக்கொள்ளத்தக்கதுமான அதனை அவுட்போர்டு மோட்டார் என்பர். கரையில் அதற்கு ஓ.பி.எம். என்பதே வழங்குபெயர். இதை விற்பனைக்குரிய பொருளாக நிலைநிறுத்தியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்த இவர் 1909இல் விற்கத் தொடங்கிய மோட்டார், ஏறத்தாழ 28 கிலோ எடையும் ஒன்றரைக் குதிரைத்திறனும் உடையதாக இருந்தது. அதன் தலைப்பகுதியில் இருந்த சுழல்சக்கரத்தை அதிலுள்ள குமிழைப் பிடித்துக் கையால் சுழற்றித் தொடங்க வேண்டியிருந்தது. பொறி பற்றிக்கொண்டதும் அக்குமிழும் சேர்ந்து சுழலுமாதலால், கையை உடனே விலக்காதவர் விரல்மூட்டை இழக்க நேரிடும். நார்வேயில் பிறந்த ஒருவரின் கருவியும் நார்வே நாட்டின் திட்டமும் வெவ்வேறு வழிகளில் ஒரே கரைக்கு வந்து சேர்ந்தது தற்செயலே.

கையால் சுற்றுவதற்கு மாற்றாக மின்சாரத்தால் பொறியை முதலில் சுழற்றிவிடும் ஏற்பாடு தரையில்தான் முதலில் வெற்றிபெற்றது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்தொடக்கி 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பின்னர் அதே கருத்து கடலுக்கும் இறங்கியது. தமிழ்நாட்டில் இருசக்கர வண்டி ஓட்டுவோர் முதல் படகோட்டிகள்வரை அனைவரும் இதனைச் ‘செல்ஃப்’ என்னும் ஒற்றைச் சொல்லால் குறிப்பர். செல்ஃப் அடிக்கவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை என்னும் தொடர்களில் நோயும் நோயாளியும் ஒருசேர அடங்கிவிடுகின்றன. ஆயினும் இச்சொல்லாட்சி ஒரு மயக்கத்துக்கும் இடம்தருகிறது. பேட்டரி, சாவி, ரிலே, கம்பிகள், தொடக்கிமோட்டார், பல்சக்கரம் என்று பல உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வேலையைச் செல்ஃப் என்னும் ஒரே பெயரால் அழைப்பதால், வேலை நடக்காதபோது பழி முழுவதும் அந்த மோட்டாரின்மேலோ, அதற்கு அடுத்துக் கண்ணில் படும் பேட்டரியின்மேலோ விழுகிறது. இப்பயணத்தில் நேர்ந்ததும் அதுவே.

பயணத்துக்கு அமர்த்தப்பட்ட ஃபைபர் படகில் 40 குதிரைத்திறன் கொண்ட மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது. கரையோர மீனவர் பலர் கயிறிழுத்துத் தொடங்கும் சிறிய மோட்டார்களையே விரும்புகின்றனர். பேட்டரி என்னும் சுமையும் அதற்கான செலவும் அவர்களுக்கு வேண்டாதவை. ஆட்களை ஏற்றி இறக்கும் படகுகளிலோ, ஒரு நாளில் பலமுறை பொறியை நிறுத்தவும் தொடங்கவும் நேர்வதால், செல்ஃப் ஒரு தேவையாகிவிடுகிறது. இப்படகின் பேட்டரி இரண்டு மாதங்களுக்கு முன்புதான் வாங்கப்பட்டது என்பதை அதன் உரிமையாளரான சம்மாட்டி புறப்படும்போதே சற்றுப் பெருமையோடு தெரிவித்தார். சாவியைத் திருப்பியதும் பொறி ஒரே முயற்சியில் பற்றிக்கொண்டது. படகு கரையை விட்டு விலகி, பாசி எடுக்கும் பெண்கள் இடுப்பளவு நீரில் மூழ்கி எழும் ஆழமற்ற பகுதியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பியது.

சாவி திரும்பிய அந்த ஒரு நொடிக்குள் நிகழ்வதைப் பிரித்துப் பார்த்தாலன்றிப் பழுதறிதல் இயலாது. அங்கே இரண்டு மின்பாதைகள் உள்ளன. முதலாவது மெல்லிய கம்பிகளின் பாதை: பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாகச் சாவிக்குச் சென்று, கியர் நடுநிலையில், அதாவது நியூட்ரலில், இருந்தால் மட்டுமே வழிவிடும் ஒரு காப்புச்சுவிட்சைக் கடந்து, ரிலேயின் சுருளை அடைகிறது. ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் காந்தமாகி, பெரிய மின்னோட்டத்துக்கான கதவை மூடித்தரும் கருவி. சோலினாய்டு என்று மெக்கானிக்குகள் சொல்வதும் இதையே. சாவி திருப்பும்போது கேட்கும் ‘டக்’ என்னும் ஒலி இக்கதவு மூடும் ஒலியாகும். இரண்டாவது, விரல் தடிமனுள்ள கம்பிகளின் பாதை: பேட்டரியின் நேர்முனையிலிருந்து ரிலேயின் செப்புத் தொடுமுனைகள் வழியாகத் தொடக்கிமோட்டாருக்குச் சென்று, அதன் உடல் வழியாகப் பொறியின் உலோகக்கட்டைக்குள் இறங்கி, எர்த் எனப்படும் கருப்புக்கம்பி வழியாக எதிர்முனைக்குத் திரும்புகிறது. மெல்லிய பாதையில் ஓடுவது சில ஆம்பியர். தடித்த பாதையில் ஓடுவதோ நூறு ஆம்பியரையும் தாண்டும். மின்சாரம் போகும் பாதையைக் கருத்தில் வைப்போர் பலரும் அது திரும்பிவரும் பாதையை மறந்துவிடுகின்றனர். கருப்புக்கம்பி எப்போதும் கண்ணுக்கு மறைவாகப் பொறியின் அடியில் கட்டப்பட்டிருப்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

மண்டபத்திலிருந்து கிழக்கே செல்லும் வழியின் தென்புறத்தில் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகள் தொடங்குகின்றன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பரவிய 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் உள்ளடக்கி 1986இல் அறிவிக்கப்பட்ட இப்பூங்காவில், இசைவின்றித் தீவுகளில் இறங்குதல் கூடாது. எனவே பெரும்பாலான படகுகள் தொலைவிலேயே கடந்துவிடுகின்றன. பவளக்கல்லைச் சுண்ணாம்புக்காகத் தோண்டியெடுத்த பழைய வழக்கத்தின் விளைவாக இத்தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. குருசடைத் தீவோ, முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புடைய உயிர்களுக்கும் இடைப்பட்டதாக விலங்கியல் மாணவர் படிக்கும் பாலனோகிளாசஸ் என்னும் புழுவின் உறைவிடமாகப் பெயர்பெற்றது. அதன் எதிர்க்கரையில் உள்ள குந்துகாலில், மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 சனவரி 26 அன்று கரையிறங்கினார். அங்கே இன்று ஒரு நினைவில்லம் நிற்கிறது. கரையை ஒட்டிய நீர் தெளிந்து, அடியில் கடற்புல் அசைவது மேலிருந்தே புலப்பட்டமையால், அதனைப் பார்ப்பதற்காகப் பொறி நிறுத்தப்பட்டது.

மீண்டும் சாவியைத் திருப்பியபோது பொறி சுழலவில்லை. அதற்கு மாறாக, ரிலேயிலிருந்து ‘டகடகடக’ என்று விடாத ஒலி எழுந்தது. சம்மாட்டி முதலில் செய்தது மூடியைத் திறப்பதன்று, நங்கூரத்தை இறக்குவது. அதுவே முறையும் ஆகும். பாம்பன் வாசலின் அருகே நீவாடு, அதாவது கடலின் ஓட்டம், காற்றடங்கிய நாளிலும் வலிமையுடையது. பொறியற்ற படகைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்துக்குள் அது பாரின்மேல், அதாவது கடலடிப் பாறைத்திட்டின்மேல், கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கயிறு இறுகி, அணியம், அதாவது படகின் முன்பகுதி, ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி நின்ற பிறகே பொறியின் மேல்மூடி கழற்றப்பட்டது. அணியத்தில் இருந்த இளைஞர், “மாமா, பேட்டரி இறங்கிருச்சு” என்று அப்போதே தீர்ப்பு வழங்கிவிட்டார்.

அத்தீர்ப்புக்கு நூல்களிலும் ஆதரவு உண்டு. ஒரே ஒரு ‘டக்’ கேட்டு அமைதியானால் ரிலேயின் தொடுமுனைகளையோ தொடக்கிமோட்டாரையோ ஐயுற வேண்டும் என்பதும், விடாத டகடக ஒலி கேட்டால் பேட்டரி தளர்ந்துள்ளது என்பதும் பொதுவான பாடம். இவ்வொலிக்குக் காரணம் எளியது: மெல்லிய பாதை உயிர்பெற்று ரிலே கதவை மூடியதும் தடித்த பாதையில் பெரும் மின்னோட்டம் பாய முயல்கிறது, அதைத் தாங்க வலிமையற்ற பேட்டரியின் அழுத்தம் சரிய, ரிலேயின் காந்தம் பிடிவிடுகிறது, கதவு திறந்ததும் சுமை நீங்கி அழுத்தம் மீள, ரிலே மறுபடி பிடிக்கிறது. இச்சுழற்சி நொடிக்குப் பலமுறை நிகழ்வதே அவ்வொலி. ஆனால் இவ்விளக்கத்தில் ‘பேட்டரியின் அழுத்தம் சரிய’ என்பது ஊகமே. சரிந்தது ரிலேக்கும் மோட்டாருக்கும் கிட்டும் அழுத்தம் என்பது மட்டுமே உறுதி. அது பேட்டரிக்குள் சரிந்ததா, வரும் வழியில் சரிந்ததா, திரும்பும் வழியில் சரிந்ததா என்பதை ஒலி சொல்லாது.

படகின் பெட்டியில் ஒரு மல்டிமீட்டர் இருந்தது. பேட்டரியின் இரு முனைகளில் வைத்தபோது அது 12.6 வோல்ட் காட்டியது. சுமையற்ற நிலையில் முழுமையாக மின்னேறிய ஈய-அமிலப் பேட்டரியின் அளவு ஏறத்தாழ இதுவே, பாதி இறங்கியதாயின் 12.2ஐ ஒட்டியிருக்கும். இவ்வளவில் நிறைவடைவோர் பெரும்பிழை செய்கின்றனர். சும்மா கிடக்கும் பேட்டரி காட்டும் எண்ணை நம்புவது, அமர்ந்திருக்கும் ஒருவரின் தோளைப் பார்த்து அவர் மூட்டை தூக்குவார் எனத் தீர்மானிப்பதை ஒக்கும். தூக்கச் சொல்லிப் பார்ப்பதே சோதனை. ஆகவே சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே அளப்பது முறையாகும்; அப்போது அழுத்தம் 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி குற்றவாளி. இங்கோ டகடக ஒலி நீடித்த நேரம் முழுவதும் பேட்டரி முனைகளில் எண் 12.3க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி தளரவில்லை என்பதோடு, அதனிடம் எவரும் பெருஞ்சுமையைக் கேட்கவே இல்லை என்பதும் இதனால் தெளிவாகிறது. தடித்த பாதையில் எங்கோ ஓர் அடைப்பு இருந்தது.

இச்சோதனை முடிவை நம்புவதற்கு முன்பே, அவ்வழியே வந்த மற்றொரு படகு தன் பேட்டரியை நீட்டியது. உதவிக்கம்பிகளால் நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும் இணைத்தபோது அதே டகடக ஒலியே கேட்டது. இரண்டு பேட்டரி இருந்தும் ஒன்றும் நடக்காததால், செல்ஃப் மோட்டார்தான் போய்விட்டது என்று தீர்ப்பு மாறியது. கரையில் பல நல்ல மோட்டார்கள் கழற்றி எறியப்படுவது இவ்விடத்தில்தான். அடைப்பு பேட்டரிக்கு அப்பால் இருக்குமானால், பேட்டரிகளைக் கூட்டுவதால் பயனில்லை. மூடிய மதகுக்கு மேலே இன்னொரு வாய்க்காலை வெட்டிவிடுவது போன்றது அது.

அடைப்பைக் கண்டறியும் முறை அழுத்த இழப்பை அளத்தல் எனப்படும். நல்ல கம்பியின் இரு நுனிகளுக்கிடையே, மின்சாரம் பாயும்போதும், ஏறத்தாழ சுழியமே காணப்பட வேண்டும். தடித்த கம்பியொன்றில் அரை வோல்ட் இழப்பே ஐயத்துக்குப் போதுமானது. இழப்பின் அளவு மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கினால் கிடைக்கும்: ஓம் அளவையில் 0.02 என்னும் அற்பத் தடையும் 150 ஆம்பியர் பாயும்போது 3 வோல்ட்டை விழுங்கிவிடும். விளக்கு, மீன்காட்டும் கருவி ஆகியவற்றுக்கு அதே தடை ஒரு பொருட்டன்று. அதனால்தான் படகின் மற்ற மின்கருவிகள் அனைத்தும் ஒழுங்காக இயங்க, செல்ஃப் மட்டும் முடங்குகிறது. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நேர்முனையிலும் மற்றதை ரிலேயின் வரவு முனையிலும் வைத்தபோது இழப்பேதும் இல்லை. ஒரு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதைப் பொறியின் உலோகக்கட்டையிலும் வைத்துச் சாவியைத் திருப்பியபோது எண் 5, 8, மறுபடி 5 என்று நிலைகொள்ளாமல் தாவியது. சுழியமாக இருக்க வேண்டிய இடம் அது. உதவிப் பேட்டரியின் கருப்புக்கவ்வியைப் பேட்டரி முனையிலிருந்து எடுத்துப் பொறியின் கட்டையிலேயே நேராகப் பிடித்தவுடன் பொறி சுழன்று பற்றிக்கொண்டது. பழுதுபட்ட எர்த் கம்பியைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் வேறு வழியே வீடு திரும்பியதே இதன் பொருள்.

பொறியை அப்படியே ஓடவிட்டுச் சென்றிருக்கலாம். சம்மாட்டியோ அதனை நிறுத்தி, பேட்டரியின் இணைப்பை விலக்கிவிட்டு, எர்த் கம்பியைக் கழற்றினார். கம்பியின் நுனியில் அழுத்திப் பொருத்தப்பட்ட திம்பிள் வெளியே பளபளவென்றிருந்தது. மேலுறையைக் கத்தியால் கீறியதும் உள்ளே செப்புநூல்கள் பச்சை பூத்து, தொட்டால் பொடியாகும் நிலையில் இருந்தன. வெள்ளீயம் பூசாத சாதாரணச் செப்புக்கம்பியைக் கடலில் பயன்படுத்துவதன் விளைவு இது: உப்புநீர் திம்பிளின் வாயில் புகுந்து, நூல்களுக்கிடையே உள்ள நுண்ணிடைவெளிகளில் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் ஏறிச்செல்கிறது, பிளாஸ்டிக் உறை அதைக் காயவிடாமல் காக்கிறது. காலையில் கரையில் பொறி பற்றியதற்கும் கடலில் பற்றாததற்கும் உள்ள வேறுபாடு, எஞ்சியிருந்த சில நூல்கள் பயண அதிர்வில் அறுந்ததே ஆகலாம்.

செம்பில் தோன்றும் இப்பச்சைக்குத் தமிழில் களிம்பு என்று பெயர். சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவமலத்துக்குச் சொல்லும் உவமை செம்பில் களிம்பே: வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்பு தோன்றிய அன்றே அதனோடு உள்ளது என்பது அவ்வுவமையின் உயிர்நிலை. வேதியியல் இதனை ஏற்காது. களிம்பு காற்றும் ஈரமும் உப்பும் வெளியிலிருந்து வந்து செய்யும் வேலை. எனினும் படகு வைத்திருப்போரின் நடைமுறை சித்தாந்திகளின் பக்கமே சாய்கிறது. இக்கடலில் எந்தச் செம்பிலும் களிம்பு உண்டு என்று முன்னரே கொண்டு, புறத்தோற்றத்தை நம்பாமல் தேடுபவருக்கே பழுது விரைவில் அகப்படுகிறது. களிம்பேறிய பகுதி வெட்டப்பட்டு, நல்ல செம்பு தென்படும்வரை உறை உரிக்கப்பட்டு, பொறிக்கட்டையில் கம்பி அமரும் இடம் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு, இருப்பதைக்கொண்டு இணைப்பு முறுக்கப்பட்டது. மீட்டர் இப்போது 0.2 காட்டியது, பொறி உடனே எழுந்தது.

எல்லாப் பழுதும் இவ்வாறு கம்பியில் முடிவதில்லை. சாவியைத் திருப்பியும் சிறு ஒலியும் எழாவிடில் மெல்லிய பாதையே தேடத்தக்கது. கியர் நெம்புகோல் நடுநிலையிலிருந்து இம்மி விலகியிருப்பது அங்கே மிக எளிதும் மிகப் பொதுவுமான காரணம், அதற்கு அடுத்தது ஃபியூஸ். மோட்டார் ‘விர்ர்’ என்று தானே சுழன்று பொறி அசையாதிருந்தால் மின்சாரத்தின்மேல் பழியில்லை: மோட்டாரின் தண்டில் திருகுவரி மேல் ஏறி, சுழல்சக்கரத்தின் விளிம்புப் பற்களைக் கவ்வ வேண்டிய சிறு பல்சக்கரம் உப்பும் பழைய கிரீஸும் சேர்ந்த பசையில் சிக்கிக்கொண்டுள்ளது. பெண்டிக்ஸ் எனப்படும் இவ்வமைப்பு தன் எடையின் சோம்பலால் இயங்குவது, அதாவது தண்டு திடீரெனச் சுழலும்போது பல்சக்கரம் உடன் சுழல மறுத்துத் திருகில் மேலேறுகிறது. ஆகவே அதனைத் துடைத்து மிக மெல்லிய எண்ணெய் இடுவதே நலம், கிரீஸை அப்புவது அன்று. ரிலே நன்றாயிருந்தும் மோட்டார் அசையாமல், மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் ஒருமுறை சுழலுமாயின், அதனுள் உள்ள கார்பன் துண்டுகள் தேய்ந்து முடிந்துள்ளன. தட்டிக் கிடைத்த அந்த ஓட்டத்தைக் கரைசேரப் பயன்படுத்தி உடனே மாற்ற வேண்டும். பொறி தாராளமாகச் சுழன்றும் பற்றாவிடில் அது செல்ஃப்பின் பழுதே அல்ல. ஓட்டுபவரின் கையில் மாட்டும் அவசர நிறுத்தக்கயிறு கழன்றிருத்தல், பெட்ரோல் வராமை ஆகியவற்றை அப்போது பார்க்காமல் சாவியையே திருப்பிக்கொண்டிருப்பவர் நல்ல பேட்டரியையும் தொடக்கிமோட்டாரையும் சேர்த்துக் கெடுக்கிறார். பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றாமல், ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் ஓரிரு நிமிடம் ஆறவிடுதல் வேண்டும்.

ரிலேயின் இரு தடித்த முனைகளையும் திருப்புளியால் பாலமிட்டுப் பொறியைக் கிளப்பும் கைவேகம் கரைகளில் மதிக்கப்படுவதைக் காணலாம். இது சோதனையாகப் பொருளுடையது, பழக்கமாகக் கொடியது. திருப்புளியில் தெறிக்கும் தீப்பொறி பெட்ரோல் ஆவியில் படக்கூடும் என்பது ஒருபுறம். நியூட்ரல் காப்பைச் சுற்றிக்கொண்டு செல்வதால், கியரில் இருக்கும் படகு திடீரெனப் பாய்ந்து, பின்புறம் குனிந்திருப்பவரை விசிறியின் அருகே நீரில் வீழ்த்தக்கூடும் என்பது மறுபுறம். இதைவிடப் பழையதும் நேர்மையானதுமான வழி, சுழல்சக்கரத்தின் வெட்டில் முடிச்சை மாட்டிச் சுற்றி இழுக்கும் அவசரக்கயிறு. இத்திறனுள்ள மோட்டார்களுக்கு அது இயலும், மிகப் பெரியவற்றுக்கு இயலாது. இப்படகின் கருவிப்பெட்டியில் அக்கயிறு இல்லை. நங்கூரத்தின் அடையாள மிதவை எதனால் கட்டப்பட்டிருந்தது என்பதைப் பார்த்தபோது அது எங்கே போயிற்று என்று புரிந்தது.

குந்துகாலிலிருந்து வடக்கே திரும்பியதும் பாலங்கள் கண்முன் எழுந்தன. 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில்பாலம், 1988இல் திறக்கப்பட்ட சாலைப்பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில்பாலம் ஆகிய மூன்றும் ஒரே வாசலின் குறுக்கே நின்றதைப் படகின் மட்டத்திலிருந்து நோக்கியபோது, உப்புக்கு எதிரான போராட்டத்தின் மூன்று தலைமுறைகளாக அவை தோன்றின. பழைய பாலத்தின் நடுவே கப்பலுக்கு வழிவிட இரு இலைகளாகப் பிரிந்து மேலெழும் பகுதியை ஊழியர்கள் நெம்புகோல்களைச் சுற்றிக் கைவலிமையால் திறந்தனர். துரு முற்றியதால் 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி மின்மோட்டார்களால் செங்குத்தாக உயர்த்தப்படுகிறது. கையிலிருந்து மின்சாரத்துக்கு மாறிய அதே மாற்றம் இங்கே பேருருவில் நிகழ்ந்துள்ளது. துருப்பிடிக்காத எஃகுக்கம்பியும் தனிவகைப் பூச்சும் அதற்குத் துணையாக வேண்டியிருந்தன. தூண்களுக்கிடையே நீர் சுழித்து ஓடும் இடத்தில் சம்மாட்டி பொறியின் வேகத்தைக் குறைக்காமல், அதே சமயம் கண்ணை எர்த் கம்பியின்மீதிருந்து எடுக்காமல், படகை வடகடலுக்குள் செலுத்தினார்.

பாம்பன் வடகரையில் படகு ஒதுங்கியபோது முதல் வேலையாகப் பொறிமேல் ஒரு குடம் நன்னீர் ஊற்றப்பட்டது. அருகிலிருந்த கடையில் வெள்ளீயம் பூசிய கம்பி கிடைக்கவில்லை. வேறு சாதாரணக் கம்பியே வாங்கி, புதிய திம்பிளின் வாயைப் பசையுள்ள சுருங்குறையால் மூடி, இணைப்பின்மேல் வாஸ்லின் தடவப்பட்டது. பேட்டரி முனையில் இருந்த விங் நட்டு, அதாவது விரலால் திருகும் இறக்கை வடிவ நட்டு, அதிர்வில் தளரும் என்பதால் அதற்குப் பதிலாக ஸ்பேனரால் இறுக்கும் சாதாரண நட்டும் போடப்பட்டது. வேலை நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு மாதத்துக்கு முன்பு புதிய பேட்டரி வாங்க நேர்ந்த காரணம் பேச்சில் வெளிப்பட்டது: அன்றும் இதே டகடக ஒலிதான் கேட்டது, அன்றும் பேட்டரி இறங்கிவிட்டது என்றே தீர்ப்பானது, மாற்றியபோது கம்பியைக் கழற்றிப் பூட்டியதில் தொடுப்பு சற்றுச் சீரடைந்து செல்ஃப் எடுக்கவும் செய்தது. கழித்துப் போட்ட அந்தப் பழைய பேட்டரி கரையில் உள்ள வலைக்கொட்டகையில், ஒவ்வோர் இரவும் வலை பின்னுவோருக்கு விளக்கெரித்துக்கொண்டிருந்தது.